துவக்கை அன்பளிப்பாகக் கொடுக்கலாமா?



கொஞ்சம் நீளமான பதிவு. வயல் வைத்திருக்கிறவர்களும், வீட்டில் லைசன்ஸ் துவக்கு உள்ளவர்களும், அப்படிப்பட்ட வீட்டில் பெண் எடுத்தவர்களும் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தை ஒட்டி இந்தக் கேள்வி வந்தது. அதற்குப் பிறகு ஊரில் மூன்று நான்கு பேர் எங்களிடம் அதையே கேட்டுவிட்டார்கள். "சேர், வாப்பாட துவக்க மகனுக்குக் குடுக்கேலுமா?" "மாமனார் தாறன் எண்டு சொல்றார், வாங்கினா என்ன?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று நினைத்தோம். நாங்கள் சட்டத்தரணிகள் அல்ல. குடும்பத்தில் யாராவது ஆசிரியராக இருந்தால் போம் நிரப்புகிற வேலை எல்லாம் அவர்கள் தலையில்தான் விழும் என்பது உங்களுக்குத் தெரியும். அப்படி விழுந்த வேலையில் விசாரித்து அறிந்ததைத்தான் எழுதுகிறோம்.

எங்கள் மாமாவிடம், அதாவது உம்மாவின் காக்காவிடம், ஒரு பன்னிரண்டு போர் துவக்கு இருக்கின்றது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று முறைப்படி லைசன்ஸ் எடுத்தது. அவருடைய வயல் காட்டோரத்து வட்டையில் கிடக்கின்றது. அங்கே வேளாண்மை செய்கிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கதிர் பறிந்து பால் பிடிக்கிற நேரம் பன்றி இறங்கினால் ஒரே இரவில் அரை ஏக்கர் நாசம். தின்பதைவிட உழக்கிப் போடுவதுதான் கூட. மாமா பகிடியாகச் சொல்வார்: "பன்டி நமக்கு ஹராம், ஆனா நம்மட நெல்லு பன்டிக்கு ஹலால்."

சுடுகிற பன்றியை நாங்கள் தொடுவதுமில்லை. மாமாவுக்கு அந்தத் துவக்கு வேட்டைச் சாமான் அல்ல, மண்வெட்டி மாதிரி ஒரு வயல் சாமான். ஆனால் மண்வெட்டியைச் சுவரில் சாத்தி வைப்பார். துவக்கைத் துடைத்து, எண்ணெய் பூசி, சீலையில் சுற்றி, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை அரைப்பட்டியில் கொழுவிக்கொள்வார். சின்ன வயதில் நாங்கள் யாருமே அதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்ததில்லை.

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் துவக்கு என்பது பன்றியோடு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமும் அல்ல. போர்க் காலத்தில் லைசன்ஸ் துவக்குகளை இயக்கங்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போன கதையை அவர்கள் சொல்வார்கள். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் நடந்ததையும், அதே மாதத்தில் ஏறாவூரில் நடந்ததையும் அவர்கள் மறக்கவில்லை. அந்தத் தலைமுறைக்கு வீட்டில் ஒரு துவக்கு இருப்பது ஒரு தைரியம். மாமா அந்தத் தைரியத்தோடுதான் இவ்வளவு காலமும் படுத்து எழும்பினார். அதை விளங்காமல் அவர் கேட்டதற்குப் பதில் சொல்ல முடியாது.

மாமாவின் இளைய மகளுக்குக் கல்யாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை நல்ல பிள்ளை, வேளாண்மை தெரிந்தவர். எங்கள் பக்கத்து வழமைப்படி மகளுக்கு வீடு. அதோடு காட்டோரத்து வயலில் இரண்டு ஏக்கரையும் மகள் பெயருக்கே எழுதினார். கல்யாணத்துக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னர் குடும்பம் கூடியிருந்தபோது எல்லோருக்கும் முன்னால் சொன்னார்:

"வயலப் பாக்கப் போறது மருமகன். வெறுங்கையோட அனுப்பேலா. துவக்கையும் அவருக்கே குடுத்துர்றன். என்ட ஹதியா."

சபையில் எல்லோருக்கும் சந்தோசம். ஒரு மாமனார் மருமகனை நம்புகிறார் என்பதற்கு அதைவிடப் பெரிய அடையாளம் என்ன? நாங்கள்தான், "மாமா, இத ஒருக்கா விசாரிச்சிட்டுச் செய்வமே" என்றோம். மாமாவுக்குச் சுருக்கென்றது.

"என்ட சல்லில வாங்கின துவக்கு. என்ட மருமகனுக்கு நான் குடுக்கன். இதுக்குள்ள கவுமெந்துக்கு என்ன வேல?"

நியாயமான கேள்விதான். ஊரில் பெரும்பாலானவர்கள் நினைப்பதும் இதுதான். ஆகவே இந்தக் கேள்விக்கே பதிலைத் தேடினோம்.

முதலில் நமது மார்க்கத்தில் அன்பளிப்பு எப்படி நிறைவேறுகிறது என்று பார்ப்போம். ஹிபாவுக்கு மூன்று விஷயம் வேண்டும்: கொடுக்கிறவர் "தந்தேன்" என்று சொல்வது, வாங்குகிறவர் "ஏற்றேன்" என்று சொல்வது, பொருள் கைமாறுவது. ஈஜாப், கபூல், கப்ளு என்று ஓதிக் கொடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். நாட்டுச் சட்டமும் இதற்கு இடம் தந்திருக்கின்றது. முஸ்லிம்களின் வாரிசுரிமை பற்றிய 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், முஸ்லிம்கள் செய்யும் நன்கொடைகளைப் பொதுவாக அவர்களுடைய மத்ஹபின் சட்டப்படி பார்க்கச் சொல்கின்றது. நன்கொடை உறுதியை எழுதிக் கையில் கொடுத்துவிட்டால், அதையே பொருள் கைமாறியதற்குச் சான்றாக ஏற்றுக்கொள்ளவும் சொல்கின்றது. மாமா மகளுக்கு வயலை எழுதியது அப்படித்தான். நொத்தாரிசிடம் போனார், உறுதி எழுதினார், மகள் கையில் கொடுத்தார். வேலை முடிந்தது.

துவக்கில் கதை தலைகீழ். வயல் விஷயத்தில் கைமாறுவது அன்பளிப்பை முழுமையாக்குகின்றது. துவக்கு விஷயத்தில் அனுமதி இல்லாமல் கைமாறுவதுதான் குற்றமே. "தந்தேன்" என்று நூறு முறை சொன்னாலும் பிரச்சினையில்லை. லைசன்ஸ் இல்லாத கையில் அது போய்ச் சேர்கிற நிமிஷம் பிரச்சினை தொடங்குகின்றது.

இதற்குக் காரணம், நாம் துவக்கு என்று சொல்வது இரண்டு வேறு சாமான்கள். ஒன்று இரும்பும் மரமும் சேர்ந்த பொருள். மற்றது அதை வைத்திருப்பதற்கான அனுமதி. பொருளை மாமா காசு கொடுத்து வாங்கினார். அனுமதியை வாங்கவில்லை, அவருக்கு வழங்கினார்கள். அவருடைய பெயரைப் பார்த்து, அவருடைய காணியைப் பார்த்து, அவரைப் பற்றிய பொலிஸ் அறிக்கையைப் பார்த்து வழங்கினார்கள். அதுவும் சாகும்வரைக்கும் அல்ல. ஒவ்வொரு வருஷமும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும், திரும்பப் புதுப்பிக்க வேண்டும். நமக்குச் சொந்தமில்லாத ஒன்றை நாம் ஹிபா செய்ய முடியுமா? பொருள் மாமாவுடையது, அனுமதி அரசாங்கத்துடையது. அனுமதி இல்லாமல் அந்தப் பொருளைக் கொடுத்தால் மருமகன் கைக்குப் போவது துவக்கு அல்ல, ஒரு வழக்கு.

இது நேற்று வந்த சட்டமும் அல்ல. துப்பாக்கிகள் பற்றிய 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் 1916இலேயே வந்தது. 1996இல் செய்த திருத்தத்தில் தண்டனைகளைக் கடுமையாக்கினார்கள். தானியங்கித் துப்பாக்கி என்றால் ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். சாதாரண வயல் துவக்கு என்றாலும் லைசன்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் நீதிமன்றம், சிறை என்றுதான் பாதை. வாங்கியவர் மட்டுமல்ல, லைசன்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்தவரும் பதில் சொல்ல வேண்டும். மாமனார் பாசத்தில் கொடுத்தாரா, காசுக்குக் கொடுத்தாரா என்று சட்டம் பார்க்காது.

அரசாங்கம் நினைத்தால் கொடுத்த அனுமதியை மீளப் பார்க்கவும் முடியும். 2024 ஒக்டோபரில் பாதுகாப்பு அமைச்சு, தனிப்பட்ட பாதுகாப்புக்கென்று வழங்கிய துவக்குகளை நவம்பர் 7ஆம் திகதிக்கு முதல் கொண்டுவந்து ஒப்படைக்கும்படி அறிவித்தது ஞாபகம் இருக்கும். பெரிய பெரிய ஆட்களின் துவக்குகளும் அதில் அடங்கின. வயலையோ வீட்டையோ அப்படி ஒரு அறிவித்தலில் கொண்டுவரச் சொல்ல முடியாது. வித்தியாசம் அதுதான்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கின்றது. வரிசையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முதலில் கடதாசி, பிறகு துவக்கு. வாங்கப் போகிறவர் தன் பெயரில் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் ஜீ.எஸ்., டீ.எஸ். ஒபிஸ், பொலிஸ் அறிக்கை, கச்சேரி, பாதுகாப்பு அமைச்சு என்று அது போகும். காணி இருக்கிறதா, உண்மையில் வேளாண்மை செய்கிறாரா, மிருகத் தொல்லை உண்டா, அவர் மீது வழக்கு ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அனுமதி வந்த பிறகு துவக்கை அவருடைய பெயருக்கு மாற்றலாம். அதுவரைக்கும் அது பழைய ஆளிடம்தான் இருக்க வேண்டும்.

கச்சேரியில் இந்த விஷயத்தைப் பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கடைசியில் அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியாது. "சேர், குடுக்கக் கூடாது எண்டு சட்டம் சொல்லல்ல. குடுக்க முதல் கேளுங்க எண்டுதான் சொல்லுது."

இந்த இடத்தில் ஒரு கவலையான விஷயத்தையும் சொல்ல வேண்டும். பெயரோ ஊரோ எழுத மாட்டோம். ஒரு வீட்டில் வாப்பா மௌத்தாகிவிட்டார். ஜனாஸா, கத்தம், இத்தா என்று வீடு கவலையில் கிடந்தது. அலுமாரிக்குள் இருந்த துவக்கைப் பற்றி யாரும் நினைக்கவில்லை. பிறகு நினைத்தபோதும், "வாப்பாட ஞாபகமா இரிக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். வருஷம் போனது. லைசன்ஸ் வாப்பாவோடு முடிந்துவிட்டது, துவக்கு மட்டும் மிஞ்சியது. ஒரு நாள் வேறு ஏதோ முறைப்பாட்டுக்கு வந்த இடத்தில் அது அகப்பட்டது. மகன் அந்தத் துவக்கால் ஒரு வெடிகூட வைத்ததில்லை. ஆனாலும் கைதானவர் அவர்தான். அரசாங்க வேலைக்குக் காத்திருந்த பிள்ளை. வழக்கு இழுபட இழுபட அவருடைய வயதும் போனது.

வாப்பா மகனுக்கு எதையும் கொடுக்கவில்லை, மகனும் எதையும் கேட்கவில்லை. பூட்டின அலுமாரி ஒன்றே போதுமாக இருந்தது.

ஆகவே லைசன்ஸ் வைத்திருந்தவர் மௌத்தானால், துவக்கையும் தோட்டாக்களையும் லைசன்ஸ் கொப்பியையும் தாமதிக்காமல் பொலிஸில் ஒப்படைத்துப் பற்றுச்சீட்டு எடுங்கள். பிள்ளைகளில் ஒருவருக்கு உண்மையில் தேவை என்றால், அங்கே இருக்கும்போதே அவர் பெயரில் விண்ணப்பிக்கலாம். வாப்பாவின் ஞாபகத்துக்கு அவருடைய முஸ்ஹபும் தஸ்பீஹும் போதும்.

இன்னொரு காரணமும் இருக்கின்றது. அதை மறைத்துப் பேசுவதில் பிரயோசனமில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு எங்கள் வீடுகளும் பள்ளிவாசல்களும் எப்படிச் சோதனையிடப்பட்டன என்று எல்லோருக்கும் தெரியும். வாள், பெரிய கத்திகளை ஒப்படையுங்கள் என்று பொலிஸ் அறிவித்தது. இறைச்சி வெட்டுகிற கத்தியை எங்கே வைப்பது என்று உம்மாமார் முழித்த நாட்கள் அவை. அப்படி ஒரு காலத்தைக் கண்ட சமூகம் நாம். லைசன்ஸ் இல்லாத ஒரு வயல் துவக்கு ஒரு வீட்டில் அகப்பட்டால், அது அந்த வீட்டோடு நிற்காது. செய்தியில் ஊரின் பெயர் வரும், பள்ளிவாசலின் பெயரும் வரும். பன்றிக்கு வைத்திருந்த துவக்கு என்று நாம் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள் அந்தச் செய்தி நாட்டைச் சுற்றி வந்துவிடும். இது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் நியாயம் வரும்வரைக்கும் நமது பிள்ளைகளை நாம்தான் பாதுகாக்க வேண்டும்.

சட்டத்தைப் பற்றி எங்களுக்கும் மனக்குறை உண்டு. ஒழுங்காக விண்ணப்பித்தவன் மாதக்கணக்கில் காத்திருக்கிறான், அதற்கிடையில் ஒரு போகம் பன்றிக்குப் போய்விடுகின்றது. சட்டத்தை மதிக்காதவனோ காட்டோரத்தில் கட்டுத்துவக்குக் கட்டிவிட்டு நிம்மதியாகப் படுக்கிறான். அந்தக் கட்டுத்துவக்கில் பன்றி மட்டுமா விழுகின்றது? விறகுக்குப் போனவர், மாடு தேடிப் போனவர் என்று மனிதர்களும் காலை இழந்திருக்கிறார்கள், உயிரையும் இழந்திருக்கிறார்கள். விவசாயிக்கு உரிய நேரத்தில் பதில் கிடைத்தால் களவுத் துவக்கின் தேவை குறையும். இதை விவசாயக் கூட்டங்களில் நாம் உரத்துச் சொல்ல வேண்டும். அதற்காக நம்முடைய மருமகனை வைத்து அரசாங்கத்துக்குப் பாடம் படிப்பிக்க முடியாது.

இவ்வளவையும் மாமாவிடம் சொன்னபோது அவர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. "சபையில சொன்ன சொல்லு. இப்ப பின்வாங்கினா என்ட மொகம் என்னாகும்?" என்றார். அவருக்குத் துவக்கைவிட வாக்குத்தான் பெரிதாக இருந்தது. அது எங்களுக்கும் விளங்கியது. ஆகவே குடும்பத்தில் ஒரு மௌலவியிடம் போனோம். அவர் நீட்டி முழக்கவில்லை. உறையிலிருந்து உருவிய நிலையில் வாளை ஒருவர் மற்றவருக்குக் கொடுப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று ஜாபிர் (ரழி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருப்பதை ஞாபகப்படுத்தினார். வாங்குகிறவருக்குக் காயம் வந்துவிடக் கூடாது என்பதுதான் அதன் கருத்து. பிறகு மாமாவைப் பார்த்துச் சொன்னார்: "ஹாஜியார், இந்தக் காலத்தில லைசன்ஸ்தான் துவக்குக்கு உற. உறையில்லாமக் குடுக்காதீங்க."

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப உறையச் செஞ்சிட்டுக் குடுப்பம்" என்றார். எங்களுக்கும் மூச்சு வந்தது.

மருமகனுடைய முகத்தில் தெரிந்த ஆறுதலையும் சொல்ல வேண்டும். அவர் அதுவரைக்கும் வாயே திறக்கவில்லை. பிறகு தனியே எங்களிடம் சொன்னார்: "எனக்குப் பயமாத்தான் இரிந்திச்சு. வேணாம் எண்டா மாமாட மனம் நோகும், வாங்கினா என்ட நித்திர போயிரும்." யோசித்துப் பாருங்கள். அன்பளிப்பு மனங்களை நெருக்கமாக்க வேண்டும் என்றுதான் நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கின்றது. வாங்குகிறவர் மறுக்கவும் முடியாமல், ஏற்கவும் பயந்து நிற்கிற ஒன்று எப்படி ஹதியாவாக முடியும்? கொடுக்கிறவரின் சந்தோசத்தை மட்டும் பார்த்துக் கொடுப்பதில் உள்ள ஆபத்து இது. துவக்கு என்றில்லை, கல்யாண வீடுகளில் நாம் கொடுக்கிற பல சாமான்களுக்கும் இது பொருந்தும். அதை இன்னொரு நாளைக்குப் பேசுவோம்.

போம் நிரப்பிக் கொடுத்திருக்கிறோம். காணி உறுதி மனைவியின் பெயரில் இருப்பதால் அதற்கும் கடிதம் இணைத்தோம். ஜீ.எஸ். வந்து வயலைப் பார்த்துவிட்டுப் போனார். பதில் இன்னும் வரவில்லை. துவக்கு மாமாவின் அலுமாரியில், மாமாவின் பெயரில் இருக்கின்றது. இந்தப் போகம் மருமகன் டோர்ச்சோடும் தகர டின்னோடும் காவல் பரணில் கிடந்தார். பன்றி கொஞ்சம் தின்றதுதான். சில இரவுகளில் மாமாவும் துவக்கோடு போய்ப் பரணில் இருந்தார், லைசன்ஸ்காரர் அவர்தானே. எந்தப் பக்கம் வேலி பிரியும், எந்தக் காற்றுக்குப் பன்றி எப்படி வரும் என்று மருமகனுக்குச் சொல்லிக் கொடுத்தாராம். அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை.

கேட்டவர்களுக்காகச் சுருக்கமாக:

1. லைசன்ஸ் ஒருவருடைய பெயரில்தான். மகன், மருமகன், தம்பி யாராக இருந்தாலும் அது தானாக மாறாது.

2. "ஒரு ராவைக்குத் தாங்க" என்று இரவல் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பாசம் ஒரு இரவுக்கு, வழக்கு பல வருஷத்துக்கு.

3. கொடுக்க விரும்பினால், வாங்குகிறவரின் பெயரில் அனுமதி வந்த பிறகு கொடுங்கள்.

4. லைசன்ஸ்காரர் மௌத்தானால் உடனே பொலிஸில் ஒப்படையுங்கள். பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

5. டிசம்பர் 31 வரும் முன்னர் புதுப்பியுங்கள். வயதான வாப்பாமார் மறந்துவிடுவார்கள், பிள்ளைகள் ஞாபகப்படுத்துங்கள்.

6. கட்டுத்துவக்கு எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அதை யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம், கட்டுவதற்கு உதவவும் வேண்டாம்.

7. உங்கள் விஷயத்தில் வேறு சிக்கல் இருந்தால் டீ.எஸ். ஒபிஸிலோ கச்சேரியிலோ நேரில் கேளுங்கள். கேட்பதற்குக் காசு இல்லை.

ஜும்ஆ முடிந்து சந்திக்கிற பெரியவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். முகநூல் பார்க்காதவர்களின் அலுமாரிகளில்தான் பழைய துவக்குகள் கூடுதலாக இருக்கின்றன.

அல்லாஹ் நமது வயல்களிலும் பிள்ளைகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.